கொல்லிமலையை மேலிருந்து பார்ப்போம்: பெண் பிள்ளைகளுக்கு ஒரு விண்வெளிப் பாடம்

இந்த மாதப் பாடத்துக்குத் தேவையானவை மூன்று. இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டர், எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஒரு பெண். உங்கள் மகளாக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம், நீங்கள் ஆசிரியர் என்றால் உங்கள் மாணவியாக இருக்கலாம். மவுஸ் அவள் கையில் இருக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினால் போதும். அண்ணன்மார்கள் "நகரு, நான் காட்டுறேன்" என்று மவுஸைப் பிடுங்கக் கூடாது.

விண்வெளி வேலை என்றதும் பெண் பிள்ளைகள் சொல்லும் பெயர் கல்பனா சாவ்லா. 2003-ஆம் ஆண்டு கொலம்பியா ஓடத்தில் உயிரிழந்தவர் என்பதால் அந்தப் பெயரைக் கேட்டதும் பெற்றோருக்குக் கொஞ்சம் பயமும் வந்துவிடுகிறது. ஆனால் விண்வெளித் துறையில் வேலை செய்பவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூட விண்வெளிக்குப் போவதில்லை. மற்றவர்கள் எல்லோரும் தரையில், மேசைக்கு முன்னாலும் சோதனைக்கூடத்திலும்தான் இருக்கிறார்கள். கணக்குப் போடுகிறார்கள், புரோகிராம் எழுதுகிறார்கள், சர்க்யூட் போர்டைச் சோதிக்கிறார்கள். அந்த வேலையின் ஒரு சிறு பகுதியை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்க முடியும். பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன்பே அதைச் செய்து பார்ப்பது நல்லது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மேகத்துக்கு அடியில் ஒரு மலை

முதலில் கூகுள் எர்த்தைத் திறந்து கொல்லிமலை என்று தேடுங்கள். நாமக்கல் மாவட்டத்தில் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து, மேலே மேசைபோல் விரிந்த மலை. உயரம் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர். காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றை எண்ணச் சொல்லுங்கள். மரங்கள் மறைப்பதால் சில வளைவுகள் தப்பிப் போகும், பரவாயில்லை. ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீஸ்வரர் கோயிலையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஊர் தெரிந்தவர்களுக்கு இது நல்ல விளையாட்டு.

கூகுள் எர்த்தில் தெரியும் படம் பல நாள்களில் எடுத்த படங்களிலிருந்து மேகமில்லாதவற்றைப் பொறுக்கி ஒட்டியது. உண்மையில் செயற்கைக்கோள் அன்றாடம் என்ன பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு இடத்துக்குப் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற தளத்தைத் தேடித் திறந்துகொள்ளுங்கள். இலவசம். நம் இஸ்ரோவின் புவன் தளம் 2009-லிருந்து இருக்கிறது, அதையும் பிறகு பாருங்கள். இந்தப் பயிற்சிக்குக் கோப்பர்நிக்கஸ் வசதி. ஒரே இடத்தை இரண்டு விதமான செயற்கைக்கோள்களின் கண்ணால் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில் கொல்லி ஹில்ஸ் என்று தட்டி என்டர் கொடுங்கள். இடது பக்கப் பகுதியில் சென்டினல்-2 என்பதைத் தேர்ந்தெடுத்து, காலண்டரில் பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்து நாள் ஒன்றைக் க்ளிக் செய்யுங்கள். பச்சை மலை, சுற்றிலும் பழுப்புச் சமவெளி என்று தெளிவாக வரும். இப்போது நவம்பர் மாதத்து நாள்களை ஒவ்வொன்றாகக் க்ளிக் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம். பல நாள்களில் வெள்ளைப் போர்வைதான் தெரியும். சென்டினல்-2 நம் கேமரா மாதிரி சூரிய வெளிச்சத்தில் படம் எடுப்பது. மேகம் குறுக்கே வந்தால் அதற்குக் கண் தெரியாது.

அடுத்து அதே இடத்தில் சென்டினல்-1 என்று மாற்றி, நவம்பர் மாதத்தில் படம் உள்ள ஒரு நாளைக் க்ளிக் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் மலை வந்துவிடும். மேகம் போன இடம் தெரியாது. இது ரேடார் படம். செயற்கைக்கோள் தானே மைக்ரோவேவ் அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. அலையின் நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். மேகத்தின் நீர்த்துளிகள் அதைவிடப் பல நூறு மடங்கு சிறியவை என்பதால் அலை அவற்றைக் கடந்து வந்துவிடுகிறது. இரவிலும் இது வேலை செய்யும்.

படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். மலையின் ஒரு பக்கச் சரிவு பளிச்சென்று வெள்ளையாகவும் எதிர்ப்பக்கம் இருட்டாகவும் இருக்கும். ரேடார் நேர் கீழே பார்க்காமல் பக்கவாட்டில் சாய்வாகப் பார்க்கிறது. அதைப் பார்த்தபடி இருக்கும் சரிவிலிருந்து எதிரொலி கூடுதலாக வருகிறது. கொல்லிமலை மாதிரி செங்குத்தான மலை என்றால், மலையே செயற்கைக்கோள் பக்கம் சாய்ந்து கிடப்பதுபோல் படத்தில் விழும். இதைத் திருத்தி வரைபடத்தோடு பொருத்துவதே ஒரு தனி வேலை. முழுக்க முழுக்கக் கணக்கும் புரோகிராமும் சேர்ந்தது.

அரியலூர் வளர்மதி செய்த ரேடார்

இந்தியா தானே உருவாக்கிய முதல் ரேடார் செயற்கைக்கோள் ரிசாட்-1. 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏவப்பட்டது. எடை 1,858 கிலோ. அதன் திட்ட இயக்குநர் அரியலூரைச் சேர்ந்த என். வளர்மதி. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் இன்ஜினீயரிங் படித்து, 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். தமிழக அரசு அப்துல் கலாம் பெயரில் விருது ஒன்றை ஏற்படுத்தியபோது, 2015-இல் அதை முதலில் பெற்றவர் இவர்தான்.

திட்ட இயக்குநர் என்றால் என்ன செய்வார் என்று உங்கள் பெண் கேட்கலாம். ரிசாட்-1-ஐயே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அது பறந்த உயரம் சுமார் 536 கிலோமீட்டர். ஆன்டெனாவின் நீளம் 6 மீட்டர். கால்குலேட்டரில் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். அலை நீளம் 0.056 மீட்டரை 5,36,000 மீட்டரால் பெருக்கி, 6-ஆல் வகுக்க வேண்டும். விடை ஐயாயிரத்துச் சொச்சம் வரும். அந்த ஆன்டெனா சும்மா படம் எடுத்தால் 5 கிலோமீட்டருக்குள் இருப்பதெல்லாம் ஒரே புள்ளியாகத்தான் தெரியும் என்பது இதன் பொருள். கொல்லிமலை முழுவதும் நாலைந்து புள்ளிகளில் முடிந்துவிடும்!

ஆனால் ரிசாட்-1 சில மீட்டர் அளவுள்ள பொருளையே பிரித்துக் காட்டியது. எப்படி? செயற்கைக்கோள் ஓடிக்கொண்டே வழி நெடுக எதிரொலிகளைச் சேர்த்து வைக்கிறது. தரையில் உள்ள கம்ப்யூட்டர் அவற்றையெல்லாம் ஒன்றாகக் கோத்து, பல கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே ஆன்டெனா எடுத்த படம்போல் கணக்கிட்டு விடுகிறது. ஆக, ஆன்டெனா செய்பவர், அது விண்வெளியில் மடிப்பு விரிவதற்கு மெக்கானிசம் செய்பவர், மின்சாரம் தருபவர், எதிரொலியைப் படமாக்கும் சாஃப்ட்வேர் எழுதுபவர் என்று பல துறைக்காரர்கள் வேண்டும். ஒருவர் வேலை இன்னொருவர் வேலையோடு பொருந்துகிறதா, தேதிக்குள் முடிகிறதா, சோதனையில் தேறியதா என்று பார்த்து, கடைசியில் கையெழுத்துப் போடுபவர் திட்ட இயக்குநர்.

ரிசாட்-1 தன் வேலையை முடித்துவிட்டது. அதன் வாரிசாக இ.ஓ.எஸ்.-04 2022 பிப்ரவரியில் போனது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்டது. மலைச்சரிவுகள் சென்டிமீட்டர் கணக்கில் நகர்வதைக்கூடக் கண்டுபிடிப்பதற்காக அதை வடிவமைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோன அனுபவம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு தேவையான வேலை என்று சொல்ல வேண்டியதில்லை.

நாமக்கல் மண்ணும் நிலா மண்ணும்

வரைபடத்தில் கொல்லிமலையிலிருந்து நேர் மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் நகருங்கள். சித்தம்பூண்டி, குன்னமலை என்ற ஊர்கள் அதே நாமக்கல் மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே அனார்த்தசைட் என்ற வெளிறிய பாறை கிடைக்கிறது. நிலாவில் நாம் வெள்ளையாகப் பார்க்கும் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் இந்த வகைப் பாறையால் ஆனவை. சந்திரயான்-2 இறங்க வேண்டிய தென் துருவப் பகுதியும் அப்படிப்பட்ட மேட்டு நிலம்தான்.

லேண்டரின் கால்களையும் ரோவரின் சக்கரங்களையும் நிலாவுக்கு அனுப்பும் முன் அதே மாதிரி மண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் செலவு அதிகம், டன் கணக்கில் தேவை. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினரும் மற்ற நிறுவனத்தினரும் இஸ்ரோவோடு சேர்ந்து, நாமக்கல் பாறையை வேண்டிய அளவுக்குப் பொடியாக்கி நிலா மண்ணுக்கு மாற்றாகத் தயாரித்தார்கள். பெங்களூரில் உள்ள சோதனைக்கூடத்தில் அதைப் பரப்பித்தான் ரோவரை ஓட்டினார்கள். இந்தத் தயாரிப்பு முறைக்கு 2020-இல் இஸ்ரோவுக்குக் காப்புரிமை கிடைத்தது. நிலவியல் படித்தவருக்கும் விண்வெளித் துறையில் இடம் உண்டு என்பதற்கு நாமக்கல் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் இதைவிட நல்ல உதாரணம் சொல்ல முடியாது.

அந்தச் சந்திரயான்-2-இன் திட்ட இயக்குநர் எம். வனிதா. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர். சோதனைக்கூடத்தில் கருவிகளைச் சோதிக்கும் இளநிலைப் பொறியாளராகத் தொடங்கியவர். வேறொரு கோளுக்கோ நிலாவுக்கோ போகும் இந்தியத் திட்டத்துக்கு ஒரு பெண் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை. 2019 ஜூலை 22 அன்று சந்திரயான்-2 கிளம்பியது. செப்டம்பர் 7 அதிகாலையில் லேண்டர் நிலாவில் மோதி உடைந்தது. வேகத்தைக் குறைக்கும் இரண்டாம் கட்டத்தில் கணக்கிட்டதைவிட வேகம் கூடுதலாகக் குறைந்தது, அந்த மாறுதலால் பிறகு நடக்க வேண்டியவை தடம் மாறின என்று அரசு நாடாளுமன்றத்தில் விளக்கம் தந்தது. நிலாவைச் சுற்றும் பகுதியான ஆர்பிட்டர் பிழைத்துக்கொண்டது. 2023-இல் சந்திரயான்-3 லேண்டருக்கும் அதற்கும் இடையே தொடர்பு ஏற்படுத்தப்பட்டது.

நாமே இறக்கிப் பார்ப்போம்

இனி எக்ஸெல். இதற்கு இன்டர்நெட் வேண்டாம், மலையில் சிக்னல் இல்லாத ஊரிலும் செய்யலாம். கீழே ஏ, பி, சி, டி என்று நான் எழுதியிருப்பவற்றைக் கீபோர்டில் ஆங்கில எழுத்துகளாகவே தட்டுங்கள்.

முதல் வரியில் தலைப்புகள்: ஏ-யில் விநாடி, பி-யில் உயரம், சி-யில் வேகம், டி-யில் பிரேக். இரண்டாம் வரியில் முறையே 0, 150, 0, 0 என்று போடுங்கள். லேண்டர் நிலாத் தரைக்கு 150 மீட்டர் மேலே அசையாமல் நிற்கிறது என்று பொருள். சந்திரயான்-3-உம் 150 மீட்டர் உயரத்தில் ஒரு முறை நின்று, கீழே பாறை இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கியது.

மூன்றாம் வரியில் ஃபார்முலாக்கள்.

ஏ3-இல்: =ஏ2+1
சி3-இல்: =சி2+1.62-டி2
பி3-இல்: =பி2-(சி2+சி3)/2

1.62 என்பது நிலாவின் ஈர்ப்பு. ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 1.62 மீட்டர் கூடுகிறது. பிரேக் என்பது கீழ்நோக்கி எரியும் இன்ஜின் குறைக்கும் வேகம். மூன்று கட்டங்களையும் 40-ஆம் வரி வரை கீழே இழுத்துவிடுங்கள். டி வரிசையில் எல்லாம் 0.

உயரம் எங்கே மைனஸ் ஆகிறது? 13-ஆம் விநாடிக்கும் 14-ஆம் விநாடிக்கும் நடுவில். அங்கே வேகம் விநாடிக்கு சுமார் 22 மீட்டர், மணிக்கு 79 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போகும் பஸ்ஸின் வேகத்தில் மோதுகிறது. 1.62-க்குப் பதில் 9.8 போட்டால் பூமி. அப்போது மணிக்கு 195 கிலோமீட்டர் ஆகிவிடும். பார்த்துவிட்டு மறுபடி 1.62-க்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது பிரேக் போடுவோம். டி2 முதல் டி6 வரை 0 இருக்கட்டும். டி7 முதல் டி16 வரை 1.62. ஈர்ப்பும் பிரேக்கும் சமம் என்பதால் வேகம் 8.1-இல் நிற்கும். டி17 முதல் டி24 வரை 2.43. வேகம் படிப்படியாகக் குறையும். டி25-லிருந்து மறுபடி 1.62. சரியாகச் செய்திருந்தால் 29-ஆம் விநாடியில் உயரம் 0.15 மீட்டர், வேகம் 1.62 என்று வரும். மெதுவாகத் தரை தொட்டாயிற்று. உங்கள் பெண் முகத்தைக் கவனியுங்கள்!

அடுத்ததுதான் முக்கியம். டி17, டி18, டி19 மூன்றிலும் 2.43-ஐ எடுத்துவிட்டு 1.62 போடுங்கள். டி20 முதல் டி27 வரை 2.43. அதாவது பிரேக்கை மூன்றே விநாடி தாமதமாகப் போடுகிறோம். இம்முறை லேண்டர் விநாடிக்கு 5 மீட்டருக்குமேல் வேகத்தில் மோதும். மணிக்கு 18 கிலோமீட்டர், சைக்கிள் வேகம்தானே என்று தோன்றும். சந்திரயான்-3-இன் கால்களைப் பலப்படுத்திய பிறகும் விநாடிக்கு 3 மீட்டர் வரைதான் தாங்கும் என்று வடிவமைத்திருந்தார்கள்.

உண்மையான இறக்கம் இதைவிடப் பல மடங்கு சிக்கல். பக்கவாட்டு வேகம் உண்டு, எரிபொருள் தீரத் தீர எடை குறையும், சென்சார் தவறாகக் காட்டலாம். சந்திரயான்-3-இல் எதெல்லாம் தவறிப்போகலாம் என்று முதலில் பட்டியல் போட்டு, அது தவறினாலும் இறங்கும்படி புரோகிராம்களை மாற்றி அமைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு அது இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரம் பி. வீரமுத்துவேல், இணைத் திட்ட இயக்குநர் கே. கல்பனா. சந்திரயான்-2 உடைந்த நாளிலிருந்து இந்த நாளுக்காகவே வேலை செய்துகொண்டிருந்த கூட்டம் அது.

இறங்கும் அந்தக் கடைசி நிமிடங்களில் தரையிலிருந்து யாரும் பிரேக் போடவில்லை. புரோகிராம்தான் முடிவெடுத்தது. செவ்வாய்க்குப் போன மங்கள்யானில் இது இன்னும் கட்டாயம். சிக்னல் போய்ச் சேரவே பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் கோளாறு வந்தால் விண்கலமே தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படித் தானாக முடிவெடுக்கும் அமைப்பை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லக்னோவைச் சேர்ந்த ரிது கரிதால். இயற்பியல் படித்துவிட்டு 1997-இல் இஸ்ரோவுக்கு வந்தவர். சந்திரயான்-2-க்கு மிஷன் இயக்குநரும் அவரே. அமெரிக்காவில் 1969-இல் அப்பல்லோ-11 நிலாவில் இறங்கும்போது கம்ப்யூட்டர் திணறி அலாரம் அடித்தது. முக்கியமில்லாத வேலைகளைத் தள்ளிவைத்து இறங்கும் வேலையை மட்டும் தொடரும்படி அந்த சாஃப்ட்வேரை எழுதிய குழுவின் தலைவர் மார்கரெட் ஹாமில்டன்.

நம் பத்திரிகைக்குப் பொருத்தமான இன்னொரு செய்தி. கம்ப்யூட்டர் என்பது முதலில் ஒரு மெஷினின் பெயர் அல்ல, கையால் கணக்குப் போடும் ஊழியரின் பதவிப் பெயர். அமெரிக்க விண்வெளித் துறையில் அந்த வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1962-இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றக் கிளம்பும் முன், மெஷின் போட்ட கணக்கை கேத்ரின் ஜான்சன் என்ற பெண்மணி கையால் சரிபார்த்த பிறகுதான் புறப்படச் சம்மதித்தார்.

எந்த குரூப், எந்தப் படிப்பு?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் உள்ள குரூப் எடுக்க வேண்டும். உயிரியலும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் கணக்கோடு உயிரியல் சேர்ந்த குரூப் எடுக்கலாம், இரண்டு கதவும் திறந்திருக்கும். கணக்கை விட்டால் இன்ஜினீயரிங் கதவு அநேகமாக மூடிவிடுகிறது. "பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு கஷ்டம்" என்று பதினைந்து வயதில் யாரோ சொல்லும் ஒரு வார்த்தையால் இது நடப்பதைப் பார்க்கிறோம். பக்கத்துப் பள்ளியில் அந்த குரூப் இல்லை என்பதாலும் நடக்கிறது. மலையூர்களில் இரண்டாவது காரணம் பெரிது. கீழே ஹாஸ்டலில் சேர்க்க வேண்டி வந்தால், அந்த இரண்டு வருடத்துக்காக மனதைத் திடப்படுத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

இஸ்ரோவில் சேர ஏரோநாட்டிக்கல்தான் படிக்க வேண்டும் என்பது பரவலான தப்பெண்ணம். அவர்கள் அதிகம் எடுப்பது எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களை. 65 சதவீத மதிப்பெண்ணோடு பி.இ. முடித்தால், அகில இந்திய அளவில் நடக்கும் எழுத்துத் தேர்வும் அதன் பிறகு நேர்முகமும் எழுதலாம். திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையே 2007-இல் தொடங்கிய கல்லூரி ஒன்று இருக்கிறது, அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். டிப்ளமோ முதல் வகுப்பில் முடித்தவர்களை டெக்னிகல் அசிஸ்டென்டாகவும், பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவர்களை டெக்னீஷியனாகவும் எடுக்கிறார்கள். ஃபிட்டர், எலக்ட்ரானிக் மெக்கானிக் போன்ற பிரிவுகள். வசதி இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு இந்த வழியை யாரும் சொல்வதே இல்லை. சொல்ல வேண்டும். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரவும் முடியும்.

பெரிய கல்லூரிகளில் படித்தால்தான் முடியும் என்பவர்களுக்கு நிகர் ஷாஜியைச் சொல்லுங்கள். செங்கோட்டையில் விவசாயக் குடும்பம். பள்ளிப்படிப்பு அதே ஊரில். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ். 1987-இல் இஸ்ரோ. சூரியனை ஆராயப் போன ஆதித்யா-எல்1-இன் திட்ட இயக்குநர் அவர். 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய அந்த விண்கலம் 15 லட்சம் கிலோமீட்டர் தாண்டி 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்தது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு இன்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் சட்டமானது, அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. சேரும் ஆண்டில் விதிமுறைகளைப் பள்ளியில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். "இஸ்ரோ கோச்சிங்" என்று பள்ளிப் பிள்ளைகளிடம் ஆயிரக்கணக்கில் வாங்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். பள்ளிப் பருவத்தில் அப்படி ஒரு தேர்வே கிடையாது.

ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோவே நடத்தும் யுவிகா என்ற பயிற்சி உண்டு. 2019-இல் தொடங்கியது. கோடை விடுமுறையில் சுமார் இரண்டு வாரம் இஸ்ரோ மையம் ஒன்றில் தங்கிப் படிக்கலாம், பயணச் செலவும் தங்கும் செலவும் இஸ்ரோவுடையது. கிராமப் பஞ்சாயத்துப் பள்ளிகளில் படிப்பவர்களுக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் தருகிறார்கள். கொல்லிமலைப் பிள்ளைகளுக்கு இது சாதகம். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் ஆன்லைன் வினாடி வினாவும் கணக்கில் வரும். விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் தொடக்க மாதங்களில் இஸ்ரோ தளத்தில் வரும். கடைசி நாளில் நெட் சென்டருக்கு ஓடாமல் ஜனவரியிலிருந்தே பார்த்துவாருங்கள்.

புரோகிராமில் ஆர்வமுள்ள பெண்ணுக்கு ஆர்டுயினோ போர்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள், சில நூறு ரூபாய்தான். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் வழிகாட்டுதலில் நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் இப்படிப்பட்ட சிறு போர்டுகளில் புரோகிராம் எழுதித்தான் ஆசாதிசாட் என்ற செயற்கைக்கோளில் பங்கெடுத்தார்கள். மதுரை மாவட்டத் திருமங்கலத்து மாணவிகளும் அதில் உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று ராக்கெட் அதைச் சரியான பாதையில் விடாததால் செயற்கைக்கோள் வீணாகிப் போனது. மறுபடி செய்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 பூமியைச் சுற்றத் தொடங்கியது.

இஸ்ரோவின் தலைவர் பதவிக்கு இதுவரை ஒரு பெண் வந்ததில்லை. ககன்யான் பயணத்துக்கு அறிவிக்கப்பட்ட நான்கு பேரும் ஆண்கள்தான், போர் விமானச் சோதனை ஓட்டுநர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இதையும் உங்கள் பெண்ணிடம் மறைக்க வேண்டாம். வேலை எங்கே என்று வீட்டில் கவலைப்படுபவர்களுக்கு: பெங்களூர் நாமக்கல்லிலிருந்து ஓர் இரவு பஸ் பயணம். இன்ஜின் சோதனை நடக்கும் மகேந்திரகிரி திருநெல்வேலி மாவட்டத்தில். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னையில் தனியார் ராக்கெட் கம்பெனியான அக்னிகுல் இருக்கிறது.

கடைசியாக வீட்டுப்பாடம். எக்ஸெல் ஃபைலை சேவ் செய்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? டி வரிசையைக் கூட்டினால் எவ்வளவு எரிபொருள் செலவு என்பதற்கு ஓர் அளவு கிடைக்கும். நாம் முதலில் இறக்கியதில் தரை தொடும் வரை 45.36. பிரேக் எண்ணை ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 3.24 வரை வைத்துக்கொள்ளலாம், தரை தொடும் வேகம் 2-ஐத் தாண்டக் கூடாது. செலவை 35-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். விடையைப் பார்க்காமல் ஒரு நாளாவது அவளை முயலவிடுங்கள்.

விடை: டி2 முதல் டி10 வரை 0, டி11-இல் 1.62, டி12 முதல் டி19 வரை 3.24, பிறகு 1.62. 21 விநாடியில் இறங்கும், செலவு 32.4. இப்போது டி12-லும் 1.62 போட்டு மற்றவற்றை ஒரு வரி கீழே தள்ளிப் பாருங்கள். ஒரே ஒரு விநாடித் தாமதம், லேண்டர் விநாடிக்கு 5.8 மீட்டர் வேகத்தில் மோதும். எரிபொருளை மிச்சம் பிடிக்கலாமா, தவறுக்கு இடம் வைக்கலாமா என்று எங்கே கோடு போடுவது? இதற்கு அவள் என்ன எண்களைத் தேர்ந்தெடுத்தாள், ஏன் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.